கதவுக்கு அந்தப் பக்கம் யார்?

கேட்டும் பிறந்த தேதி சொல்லாத ஒரே மனுஷியை என் வாழ்நாளில் நான் பார்த்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். நான் அப்போது இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பெரியார் நிலையத்தில் பஸ் ஏறும் ஒருவர் பழங்காநத்தத்தில் இறங்குவதற்குள் அவருடைய குலதெய்வம், கொழுந்தியாள் கல்யாணம், சர்க்கரை அளவு எல்லாம் என் டைரிக்கு வந்துவிடும். சும்மா வாங்கிக்கொள்கிற ஆளில்லை நான். பதிலுக்கு என் வீட்டுக் கதை முழுவதையும் கொடுத்துவிடுவேன். எங்கள் ஊரில் பேச்சு என்றால் அதுதான். ‘நீ யாரு மகன்?’ என்று கேட்காமல் யாரும் யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.

என் மகள் நாலாம் வகுப்புப் படித்த மெட்ரிக்குலேஷன் பள்ளியில் அவர் கம்ப்யூட்டர் மிஸ். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. பெற்றோர் கூட்டத்தில் பார்த்து, ஒரு நல்ல பாலிசி இருக்கிறது, உங்கள் டேட் ஆஃப் பெர்த் என்ன மிஸ் என்று டைரியைத் திறந்தேன். எதற்கு சார் என்றார். கணக்குப் போட்டுச் சொல்லத்தான் என்றேன். பாலிசி வேண்டுமென்றால் நானே ஆபீசுக்கு வந்து சொல்லிக்கொள்கிறேன் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டார். திறந்த டைரியை மூட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். ஸ்டாஃப் ரூம் போனில் அவர் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் பேசுவதைப் பள்ளிக்கூட ஆயா கேட்டிருக்கிறார், அதனால் சௌராஷ்டிரக் குடும்பம். காலையில் தெப்பக்குளம் பஸ்ஸிலிருந்து இறங்குவார், அதனால் வீடு அந்தப் பக்கம். அப்பா இல்லை, அம்மாவுக்கு முட்டுவலி, இந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். இவ்வளவையும் கண்டுபிடிக்க நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வருஷம் பாடுபட வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் அறை என்பது பள்ளியின் கர்ப்பக்கிரகம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாலு கம்ப்யூட்டர், அதில் மூன்று ஓடும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் மானிட்டர் நெற்றியில் இருக்கும். ‘இன்டர்நெட் வசதியுடன்’ என்று தாளாளர் நோட்டீஸில் போட்டிருந்தார். இன்டர்நெட் நோட்டீஸோடு நின்றுவிட்டது. ஆனால் புத்தகத்தில் இன்டர்நெட் பாதுகாப்பு என்று ஒரு பக்கம் இருந்தது. வேறு மிஸ்ஸாக இருந்தால் ஐந்து பாயிண்ட்டை மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். இவர் இல்லாத இன்டர்நெட்டை உண்டாக்கினார்.

அறைக்குள் சாமான்கள் போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. மிஸ் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதவிடுக்கு வழியாக ஒரு சீட்டு வரும். ‘ஹாய், நான் அண்ணா நகர்ல இருக்கேன். எனக்கும் ஒம்பது வயசு. உன் பேர் என்ன?’ பிள்ளை பதில் எழுதி உள்ளே தள்ளும். அடுத்த சீட்டில் எந்த ஸ்கூல், அதற்கடுத்து வேன் எத்தனை மணிக்கு, பிறகு அப்பா எப்போது வீட்டில் இருப்பார். ஐந்தாவது சீட்டில் மிஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ‘நான் இப்ப உங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன், அப்பா இல்ல, அம்மா மாடியில துணி காயப் போடுறாங்க’ என்று அந்தப் பிள்ளை எழுதியதையே படிப்பார். பிள்ளை அவுட். முதல் நாள் நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் அவுட். மிச்சமிருந்த ஒருவனிடம் பென்சில் இல்லை.

ஒரு நாள் பொம்மை பிடிக்கும், மருதாணி பிடிக்கும் என்று எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று உள்ளிருந்து அழகாகச் சீட்டு எழுதிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் எழுதின. கடைசியில் கதவு திறந்தால், கிடா மீசையோடு பள்ளிக்கூட வாட்ச்மேன் வெளியே வந்தார். வகுப்பே அலறிவிட்டது. மிஸ் அவரைக் காலையிலேயே உள்ளே உட்கார வைத்துவிட்டு, பின்பக்கம் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றிருக்கிறார். ‘எழுத்துக்கு மூஞ்சி கிடையாது’ என்பது அவர் அடிக்கடி சொல்வது. என் மகள் அதைச் சாப்பிடும்போதும் சொல்வாள். கூடவே, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ள வேண்டும், ‘உங்க அப்பா அனுப்பினார்’ என்று கம்ப்யூட்டரிலோ நேரிலோ யார் சொன்னாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். அம்மாவும் மகளும் உட்கார்ந்து ஒரு சொல்லை முடிவு செய்தார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பாடம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதுதான் வினையாயிற்று. பள்ளியை ஆய்வு செய்ய வந்த அதிகாரி ஒரு பையனைக் கூப்பிட்டு உன் பேர் என்னடா என்றார். நீங்கள் யாரு சார், முதலில் அதைச் சொல்லுங்கள் என்றான் அவன். அதிகாரி அடுத்த பெண்ணைக் கேட்டார். அவள் ஒரு படி மேலே போய், எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். தாளாளருக்கு ஏசி அறையில் வேர்த்தது. என் வீட்டில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த என் பெரியப்பாவை, அப்பா வந்ததும் பேசிக்கொள்ளுங்கள் என்று கிரில் கேட்டுக்கு வெளியே அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டாள் மகள். பெரியப்பா அதன்பிறகு ஆறு மாதம் எங்கள் வீட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிரவுசிங் சென்டரில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. துபாயில் இருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்ப மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரையில் திடீரென்று ஒரு கட்டம் முளைத்து, ஸ்வீட்டி என்கிற பெண் எனக்கு ஹாய் சொன்னாள். மரியாதையாகக் கேட்கிற ஆளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது நம் பழக்கமில்லையே. பேர், தொழில், ஊர், கோயிலுக்கு எதிர்ச் சந்தில் மூணாவது வீடு, பச்சைக் கேட், பத்து மணிக்கு மேல் வந்தால் நான் இருக்க மாட்டேன், வீட்டில் இருப்பார்கள் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, நீங்க அவுட்டு” என்றாள் மகள். “கதவுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கான்னு பாத்தீங்களா?”

பிளைவுட் தடுப்புகளுக்கு மேலே வரிசையாகத் தலைகள் முளைத்துச் சிரித்தன. அதில் இரண்டு தலைகள் என் பாலிசிதாரர்கள்.

அன்று மாலையே மனு எழுத உட்கார்ந்தேன். ‘பேர் சொல்லும் பிள்ளை வேண்டும் என்றுதான் பெற்றோம். மேற்படி ஆசிரியை எங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லாத பிள்ளைகளாக ஆக்கிவிட்டார்’ என்ற வரியை எழுதிவிட்டு நானே ஒரு தடவை வாசித்து ரசித்தேன். யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது எனக்கு அத்துப்படியாதலால் இரண்டு நாளில் நாற்பத்துமூன்று கையெழுத்து சேர்ந்துவிட்டது. அந்தப் பொண்ணு வேலை போனால் தாயும் மகளும் என்ன செய்வார்கள் என்று மனைவி கேட்டாள். வேற ஸ்கூலா இல்லை என்றேன். தாளாளர் மனுவை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஆடியில் எதுவும் செய்ய வேண்டாம், ஆடி கழியட்டும், மிஸ்ஸை அனுப்பிவிடலாம் என்றார்.

ஆடிப் பௌர்ணமிக்கு அழகர்கோவிலில் தேர். அன்றைக்கே அங்கே மச்சினன் மகனுக்கு முடியிறக்கிக் காதுகுத்து. தேர் நிலைக்கு வந்த பிறகு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டைவாசல் பக்கம் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பழைய பாலிசிதாரர். அவர் மருமகளுக்குப் பிரசவமாகியிருந்தது. எடை எவ்வளவு, சுகப்பிரசவமா, என்ன நட்சத்திரம் என்று விசாரித்து, பிள்ளை விவரம் எழுத டைரியை எடுத்தேன். டைரியை எடுக்க ஒரு கையும் பேனாவுக்கு ஒரு கையும் வேண்டியிருந்தது. எழுதி முடித்துத் திரும்பினால் மகளைக் காணோம்.

கூட்டம் என்றால் அம்புட்டுக் கூட்டம். நாலு பக்கமும் ஓடினேன். மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். போலீஸ் கூடாரத்தில் ஒலிபெருக்கி இருந்தது. பேர், வயது, உடுப்பின் நிறம், மூன்றை மட்டும் சொல்லுங்கள் என்றார் காவலர். எனக்கு மூன்றோடு நிறுத்தத் தெரியுமா? அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டேன். மகளின் பேர், வீட்டில் கூப்பிடும் பேர், நாலாம் வகுப்பு, எந்த ஸ்கூல், அவள் அம்மாச்சி பேர், பழங்காநத்தத்தில் எந்தச் சந்து, பச்சைப் பாவாடை, இடது கன்னத்தில் மச்சம் எல்லாவற்றையும் மலை எதிரொலிக்கும்படி சொன்னேன். சொல்லி முடித்தும் மனசு ஆறவில்லை.

“யாரு பாத்தாலும் கையோட கூட்டியாந்து விடுங்கய்யா. அப்பா சொன்னாருன்னு சொன்னா போதும், வந்துரும்” என்றேன்.

அரைமணி நேரம் கழித்து ஒரு காவலர் தனியாக வந்தார். பிள்ளை மோர்ப் பந்தல் பக்கத்தில் ஒரு வளையல் கடையில் நிற்கிறது, கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது, பேர் கேட்டால் அதையும் சொல்ல மாட்டேன் என்கிறது என்றார். அவருக்கு என் பிள்ளைமேல் கோபமா, என்மேல் கோபமா என்று தெரியவில்லை. “ஏதோ ஒரு வார்த்தை சொல்லணுமாம்ல. என்ன சார் அது, சொல்லித் தொலைங்க.” எனக்குத் தெரியவில்லை. மனைவி தலையிலடித்துக்கொண்டு, அந்தச் சொல்லைக் கத்தியபடியே எனக்கு முன்னால் ஓடினாள்.

மகள் வளையல் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்த பிறகுதான் அழுதாள். நான் வளையல்காரப் பெண்ணுக்கு நன்றி சொல்லி, எந்த ஊர் என்ன என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னை நிறுத்தினார்.

“அண்ணே, போலீசுக்கு முந்தி ஒரு ஆளு வந்தாரு. வெள்ளச் சட்ட. பிள்ள பேரச் சொன்னாரு, வீட்டுல கூப்பிடுற பேரையும் சொன்னாரு. ஒங்கப்பா சொன்னாரு, வா போவோம்னாரு. அம்மாச்சி பேரு மொதக்கொண்டு சொன்னாரா, நான் தாய்மாமன்தான்னு நெனச்சு, போ தாயின்னு நானே அனுப்பப் பாத்தேன். இதுதான், வார்த்தையச் சொல்லுங்கன்னு நின்னுருச்சு. அவரு சிரிச்சுக்கிட்டே ரெண்டு மூணு சொல்லிப் பாத்தாரு. இது அசையல. போலீசு கூடாரம் கெழக்க இருக்கு, இவரு பஸ்ஸு நிக்கிற பக்கம்ல பிள்ளையக் கூப்பிடுறாருன்னு எனக்கு அப்பத்தான் ஒறைச்சுச்சு. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்.”

அவர் நல்லவராகவும் இருந்திருக்கலாம். கூட்டத்தில் திசை தெரியாமல் கூப்பிட்டிருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் சொன்ன ஒவ்வொரு விவரமும் என் வாயிலிருந்து போனது. அப்பா சொன்னார் என்றால் வந்துவிடும் என்று வழி சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் அறை வாசலில் போய் நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மனுவையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து வாங்கியது நான்தான் என்றதற்கு அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஆயா இருக்கிறாரே. மகள் ராத்திரி தூங்கினாளா என்றுதான் கேட்டார்.

“போலீஸ்கிட்டப் பேரச் சொல்லலாம்னு நான் சொல்லிக் குடுக்கவே இல்ல சார். கதவு, கம்ப்யூட்டருன்னு அதுலயே இருந்துட்டேன். திருவிழா ஞாபகமே வரல. தப்பு என்னோடது” என்றார். பிறகு, “நெட்டும் நீங்க பேசுன மைக்கு மாதிரிதான் சார். யாரெல்லாம் கேக்குறாங்கன்னு பேசுறவங்களுக்குத் தெரியாது” என்றார். அன்றே வகுப்பில், தொலைந்துபோனால் போலீஸ்காரரிடம் பேரைச் சொல்ல வேண்டும் என்று புதிதாக ஒரு பாடம் நடந்தது. வாட்ச்மேன் போலீஸாக நடித்தாராம்.

அங்கிருந்து நேரே தாளாளரிடம் போய் மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். நடந்ததைக் கேட்ட தாளாளருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். இந்தப் பெருமை இந்தச் சுவருக்குள் நிற்கக்கூடாது, உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்றார். பள்ளிக்கு வெப்சைட் திறக்கப் போகிறார். அதில் ‘இணையப் பாதுகாப்பில் தேர்ச்சி பெற்ற எங்கள் செல்வங்கள்’ என்று தனிப் பக்கம். மனுவைத் திருப்பித் தர மறந்துவிட்டார். கேட்க நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் எல்லா வீட்டுக்கும் ஒரு படிவம் வந்தது. பிள்ளையின் வண்ணப் புகைப்படம் ஒட்ட ஒரு கட்டம். பேர், வகுப்பு, பிறந்த தேதி, தகப்பனார் பேர், தொழில், வீட்டு முகவரி, டெலிபோன் நம்பர், வேன் ஏறும் இடம். கடைசியில் ‘குடும்பத்தின் ரகசியச் சொல்’ என்று கோடு போட்ட கட்டம் ஒன்று.

இந்த இடத்தில் நான் பொய் சொல்லலாம். படிவத்தைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் இருபது வருஷம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கை பழகிவிட்டது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், மனைவி மாவு அரைக்கப் போயிருந்தாள். அழகர்கோவிலில் ஓடும்போது மனைவி கத்திக் கத்திச் சொன்ன சொல் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. குண்டு குண்டான எழுத்தில் நிரப்பினேன். என் டெலிபோன் நம்பருக்குப் பக்கத்தில் ‘இன்சூரன்ஸ் ஆலோசகர்’ என்றும் சேர்த்தேன்.

என்னைப் போலத்தான் எல்லோரும். மிஸ் டைப் அடிக்க மாட்டேன் என்றதால் தாளாளரின் தங்கை மகன் வந்து அடித்தான். பள்ளி ஆபீசுக்கு நிஜமாகவே இன்டர்நெட் வந்தது. மானிட்டருக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, கவுன்சிலர் கத்திரிக்கோலால் வெட்டினார். பெற்றோர்கள் வரிசையில் நின்று அவரவர் பிள்ளை போட்டோவைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு லட்டு எடுத்துக்கொண்டோம்.

மிஸ் வரிசையில் கடைசியாக வந்தார். பக்கத்தைக் கீழே இறக்கிக்கொண்டே போனார். முந்நூறு பிள்ளைகள், முந்நூறு முகவரி, முந்நூறு ரகசியச் சொல். என் மகள் பக்கத்தில் நிறுத்தினார். நான் கையில் லட்டோடு நின்றிருந்தேன்.

“நீங்களுமா சார்?” என்றார். அதற்குமேல் ஏதாவது சொல்லித் திட்டியிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று தாளாளரிடம் கேட்டிருக்கிறார். பெற்றோர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, எடுக்க நீ யார் என்று பதில் வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவரே உட்கார்ந்து அழித்துவிட்டார். முந்நூறையும். தங்கை மகன் வைத்திருந்த சிடியையும் இரண்டாக உடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, அழித்தது நான்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் போயிருந்தார். தன் பெயரை அவர் தானாக எழுதிக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான் என்று ஆயா சொன்னார்.

நான் பதறிக்கொண்டு ஓடினேன். அவரை அனுப்பக்கூடாது, பிள்ளைகளுக்காகத்தான் செய்தார் என்று தாளாளரிடம் கெஞ்சினேன். அவர் நிதானமாக டிராயரைத் திறந்து என் மனுவை எடுத்து மேஜையில் வைத்தார். நானாக அனுப்பவில்லை, நாற்பத்துமூன்று பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதால் அனுப்புகிறேன் என்றார். நான் ரசித்து எழுதிய அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அது என் கையெழுத்து.

கடைசி நாள் மிஸ் நாலாம் வகுப்புக்குப் போய், எல்லோரும் பழைய சொல்லை விட்டுவிட்டுப் புதுச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள் என்றாராம். யாரிடம் சொல்வது என்று பிள்ளைகள் கேட்டிருக்கின்றன. யார் அதை யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டார்களோ அவர்களிடம் என்றாராம்.

சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, புதுச் சொல் என்ன பாப்பா என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையைப் பெரியவர்கள் பார்ப்பது போல இருந்தது.

“அம்மாகிட்டச் சொல்லிட்டேன்ப்பா” என்றாள்.

அடுப்படியைப் பார்த்தேன். மனைவி திரும்பவே இல்லை, ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தாள். வலித்தது. நியாயம்தான் என்றும் பட்டது. மகளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு ஏழு வயது. அந்தச் சொல்லைத்தான் அவனுக்கும் வைத்திருக்கிறார்களாம். பள்ளியிலிருந்து அவனைக் கூட்டி வர என்னை யாரும் அனுப்புவதில்லை.